பதிவேட்டில் சாகாத கோவேறு கழுதை

செவ்வாய், அக்டோபர் 21, 2025
ஸ்டோர், கால்நடைப் புலம்

மரியாதைக்குரிய அரிஸ்திதெஸ் அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எலியேசர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. கார்மேல் மாதாவின் புண்ணியத்தில் நானும் நூபியாவும் கிளியும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உபல்தினா அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய காப்பிக்கொட்டை மூட்டை இன்னும் பாதி இருக்கிறது. வண்டி ஏற முடியாத அந்த மேட்டிலிருந்து எழுபத்தாறு வயதில் எப்படித்தான் மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறீர்களோ என்று நூபியா ஒவ்வொரு தடவை காப்பி போடும்போதும் ஆச்சரியப்படுகிறாள்.

இங்கே வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு. மறுநாள் காலை சாந்தா மார்த்தாவுக்குப் பஸ். கடல் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்று நூபியா கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பத்தெட்டு வருஷமாக "ஓய்வு வரட்டும்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். இந்த வீட்டுக்கு வேறு ஆள் 1ஆம் தேதியே குடிவருகிறார்கள். நூபியா செப்டம்பரிலேயே எல்லாவற்றையும் கட்டிவிட்டாள். நாற்காலி கட்டியாகிவிட்டது, சோறு தின்கிற தட்டு கட்டியாகிவிட்டது, நாங்கள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து பானை மூடியில் சாப்பிடுகிறோம். கட்டாமல் பாக்கி இருப்பது கிளி ஒன்றுதான். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் பல்கலைக்கழகம் எனக்கு அந்தக் காகிதத்தைத் தர வேண்டும். சமாதானம், பத்திரம் என்று பெயர் வைத்து ஒரு சான்று தருவார்களே, உங்கள் பெயரில் இருக்கிற பொருள் அத்தனையும் சரியாக இருக்கிறது, ஆளை விடலாம் என்று. அது இல்லாவிட்டால் ஓய்வும் இல்லை, கடலும் இல்லை. அதற்குள்தான் ஆடிட் வந்து குதித்தது.

நடந்தது என்ன என்று எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை, அத்தான். அதனால் புரியாதபடியே வரிசையாக எழுதுகிறேன். செப்டம்பர் முதல் வாரம் ஒரு கடிதம் வந்தது. "உள் தணிக்கை அலுவலகம், இந்த ஆண்டுத் திட்டப்படி, அபாய மதிப்பீட்டின் அடிப்படையில் தங்கள் ஸ்டோரைத் தேர்ந்தெடுத்துள்ளது" என்று போட்டிருந்தது. அபாயம் என்று கண்ணில் பட்டதும் மேற்கூரை விழப்போகிறது என்று நினைத்து, கட்டடப் பொறியியல் புலத்தில் போய் ஒரு தலைக்கவசம் இரவல் வாங்கி இரண்டு நாள் அதோடேயே வேலை பார்த்தேன். மூன்றாம் நாள் ஆடிட்டர் அந்தம்மா வந்தார். டாக்டர் யாமிலே சராசா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நம் ஊரில் கையில் ஃபைல் இருந்தால் எல்லாரும் டாக்டர்தானே. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். குள்ளம், பெரிய பை, பையில் ஒரு பிளாஸ்க். உட்கார்ந்ததும் முதலில் என் தலைக்கவசத்தைப் பார்த்தார், அதை எழுதிக்கொண்டார்.

"ஐயா, நான் போலீஸ் இல்ல. யாரையும் பிடிக்க வரல. இங்க வேலை எப்படி நடக்குது, அது சரியான வழிதானா, இவ்வளவுதான் பாப்பேன்" என்றார். போலீஸ் இல்லை என்று தானாக வந்து சொல்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. சரி, மரியாதைக்கு ஒரு காப்பி கொடுப்போம் என்று நீட்டினேன், வேண்டாம் என்றார். நூபியா சுட்டு அனுப்பிய சோள ரொட்டியை, அதுதான் அரெப்பாவை, நீட்டினேன், அதுவும் வேண்டாம். "தப்பா நெனைக்காதீங்க. நான் யாரைப் பாக்க வந்தேனோ அவங்ககிட்ட ஒண்ணும் வாங்கித் தின்னக் கூடாது. அப்பதான் நான் எழுதுறதை நாலு பேர் நம்புவாங்க" என்று சொல்லித் தன் பிளாஸ்கைத் திறந்து தானே ஊற்றிக் குடித்தார். நம்முடைய டீனிடம்கூட அந்தம்மா பதில் சொல்ல வேண்டியதில்லையாம், நேராகப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரான ரெக்டரிடம்தான். "அப்ப உங்களை யாரு டாக்டர் ஆடிட் பண்றது?" என்று கேட்டேன். "வெளியிலேர்ந்து வருவாங்க." "அவங்களை?" அதையும் எழுதிக்கொண்டார். வீட்டில் போய் அரெப்பா திரும்பி வந்த கதையைச் சொன்னதும் நூபியாவுக்கு வந்ததே கோபம். "என் கையால சுட்டதை வேண்டாம்னவ விளங்குவாளா?" என்று கிளியிடம் கேட்டாள்.

அடுத்த நாள் அந்தம்மா, "ஒரு பொருள் இந்த ஸ்டோருக்குள்ள எப்படி வருது, எப்படி வெளிய போகுது, ஆரம்பத்திலேர்ந்து கடைசி வரைக்கும் சொல்லுங்க" என்றார். வருவதைச் சொல்லிவிட்டேன் அத்தான், நீங்கள் கற்றுக்கொடுத்தபடி ஒரு மூச்சில் சொன்னேன். ரசீது, பரிசோதனை, எண், வில்லை, பொறுப்பாளர் கையெழுத்து. போவதைச் சொல்ல விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால் என் முப்பத்தேழு வருஷ சர்வீஸில் ஒரு பொருளும் வெளியே போனதில்லை. பின்கட்டு அறையைத் திறந்து காட்டினேன். நாற்பத்தாறு தட்டச்சு இயந்திரம், மூன்று கால் நாற்காலிகள், முட்டை பொரிக்கிற இயந்திரம் ஒன்று, அதற்குள் நிஜமாகவே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பதிவேட்டில் அத்தனைக்கும் "நிலை: நன்று."

"இதெல்லாம் நல்லாவா இருக்கு?" என்றார் அந்தம்மா.

"டாக்டர், அந்தப் படிவத்துல மூணு கட்டம். நன்று, சுமார், கெட்டுவிட்டது. கெட்டுவிட்டதுல டிக் போட்டா பதினோரு பக்கம் விளக்கம் எழுதணும், மூணு பேர் கையெழுத்து, போட்டோ வேற, கடைசியில நான்தான் கெடுத்தேன்னு சம்பளத்துல கை வைப்பாங்க. நன்றுல போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதனால இங்க எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், என் வாயை என்ன செய்ய. அந்தம்மா ரொம்ப நேரம் எழுதினார்.

அதன் பிறகுதான் வேலியில் போன ஓணான் மடிக்கு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பொருளையும் பார்க்க மாட்டார்களாம், கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் இருபத்தைந்தை எடுக்குமாம், அந்த இருபத்தைந்து சரியாக இருந்தால் மீதியும் சரி என்று வைத்துக்கொள்வார்களாம். சோற்றுக்குப் பதம் பார்க்கிற மாதிரி. பட்டியலில் இருப்பதைத் தரையில் காட்ட வேண்டும், தரையில் இருப்பதைப் பட்டியலில் காட்ட வேண்டும், இரண்டு பக்கமும். பதினாறு பொருள் காட்டினேன், சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது. பதினேழாவது வரியை அந்தம்மா படித்தார்: "எண் 04417. கோவேறு கழுதை, பெண். பெயர் பலோமா. 1996இல் வாங்கும்போது வயது இரண்டு. இருப்பிடம்: ஸ்டோர். நிலை: நன்று." படித்துவிட்டு, மேஜைக்கு அடியில் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

ஞாபகம் இருக்கிறதா அத்தான், 2004இல் நீங்கள் ஓய்வுபெற்று ஸ்டோரை என்னிடம் ஒப்படைத்த அன்று? பலோமா வரி வந்ததும் நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவ போன மாசம் மலைப் பண்ணையில செத்துட்டாடா. அங்கேயே புதைச்சாச்சு. இப்ப அதை எழுதப் போனா எனக்குச் சான்று கிடைக்காது, நீ இந்த வருஷம் நன்றுன்னு போட்டுடு, அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்" என்றீர்கள். நான் அழுதேன். நாற்றுக்கூடை சுமந்து மலை ஏறி வந்தவளுக்கு ஆரஞ்சுத் தோல் ஊட்டினது நான், யாராவது குடையை விரித்தால் மிரண்டு ஓடுகிறவளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தது நான். அழுதுகொண்டேதான் நன்று என்று போட்டேன். அடுத்த வருஷம் சரி பண்ணப் போனால், போன வருஷம் ஏன் நன்று என்று போட்டாய் என்பார்கள். அதனால் மறுபடி நன்று. அதற்கடுத்த வருஷமும் நன்று. இப்படி இருபத்தொரு கையெழுத்து. ஒவ்வொரு டிசம்பரும் அந்தக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். பாதிரியாருக்கே அலுத்துப்போய், "கழுதை தவிர வேற பாவம் ஏதாவது பண்ணிட்டு வாயேன்பா" என்றார்.

மூன்று நாள் தவணை கேட்டுக்கொண்டு உங்களுக்குத்தான் போன் செய்தேன். "செத்தது செத்ததுதான், எதையாவது சொல்லிச் சமாளிடா" என்றீர்கள். பின்னால் ஏதோ ஒன்று காது கிழிகிற மாதிரி கத்தியது. என்ன என்றேன். "தண்ணி பம்புடா, எண்ணெய் போடணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். நானும் உங்கள் சொல்லைக் கேட்டுச் சமாளித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். கேன்டீனுக்குப் பால் கொண்டுவருகிற பொலிகார்ப்போவிடம் ஒரு கோவேறு கழுதை இருக்கிறது, பெயர் மந்திரி. ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டேன். "எதுக்கு?" என்றான். "ஒருத்தங்க பாக்கணுமாம்" என்றேன். "பொண்ணு பாக்கவா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைக் கொடுத்தான். தகர மூடியை வெட்டி 04417 என்று ஆணியால் கீறி, மந்திரி கழுத்தில் கட்டி, ஸ்டோர் வாசலில் நிறுத்தி, "இதோ பலோமா" என்றேன். சொல்லும்போது குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அந்தம்மா பையிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தார். 1996 கொள்முதல் அட்டை. அதில் உங்கள் கையெழுத்தில் அடையாளம் எழுதியிருந்தது: இடது காது முள்கம்பியில் கிழிந்தது, நெற்றியில் சோளமணி அளவு வெள்ளை. அந்தம்மா அட்டையைப் பார்த்தார், மந்திரியின் இடது காதைப் பார்த்தார். முழுசாக, கொழுகொழு என்று இருந்தது.

"காது கிழிஞ்சிருக்கணுமே ஐயா?"

"ஆறிப்போச்சு டாக்டர்" என்றேன்.

தனக்குத் தெரியாத விஷயம் என்றால் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம், அதுவும் ஆடிட்டில் ஒரு விதியாம். பேராசிரியர் லிஸ்கானோவை வரவழைத்துவிட்டார். உங்களுக்கு அவரைத் தெரியாது, குதிரை வைத்தியம் சொல்லித்தருகிறவர், எதற்கெடுத்தாலும் சிரிப்பார். அவர் மந்திரியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, "எட்டு வயசு" என்றார். "பதிவேட்டுப்படி முப்பத்தொண்ணு" என்றார் அந்தம்மா. "அப்படின்னா உலகத்திலேயே இளமையான கிழவி இவதான்" என்று சொல்லிச் சிரித்தவர், குனிந்து அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "டாக்டர், அதுல பெண்ணுன்னு போட்டிருக்கா? இது ஆம்பள."

அந்தம்மா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. "ஐயா, அதுவும் ஆறிப்போச்சா?" என்றார். அந்த நேரம் பார்த்துப் பொலிகார்ப்போ வாசலில் நின்று, "மந்திரியை விடுப்பா, பால் திரியுது!" என்று கத்துகிறான். மந்திரி அவன் குரலைக் கேட்டதும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினது. அரை மைதானம் வரை கயிற்றோடு போய்த்தான் விட்டேன்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அத்தான். மன்னிக்க வேண்டும், உங்கள் பெயரையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இருபத்தொரு பொய்க் கையெழுத்து என்று சொல்லி நசுங்கின அட்டைப்பெட்டி மாதிரி உட்கார்ந்து அழுதேன். நூபியாவிடம் கடல் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அவள் நீச்சல் உடைகூட வாங்கிவிட்டாள், அறுபது வயதில், யாருக்கும் தெரியாமல், பெட்டி கட்டும்போது நான் பார்த்துவிட்டேன். அந்தம்மா பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காப்பி ஊற்றி என் பக்கம் தள்ளினார். "நீங்க எனக்குக் குடுக்கத்தான் கூடாது. நான் உங்களுக்குக் குடுக்கலாம்" என்றார். சர்க்கரையே இல்லாத காப்பி. ஆனாலும் முழுசாகக் குடித்தேன்.

ஜெயில்தான் என்று நினைத்தேன். வந்தது ஒரு வரைவு அறிக்கை. நாலு கட்டம். என்ன இருக்கிறது, என்ன இருந்திருக்க வேண்டும், ஏன் இப்படி ஆனது, அதனால் என்ன கெடுதல். ஏன் என்ற கட்டத்தில் "எலியேசர் பொய்யர்" என்று இருக்கும் என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். "இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொருள் பிறக்க ஒரு பக்கமும் இறக்கப் பதினோரு பக்கமும் தேவைப்படுகின்றன. ஆகவே எதுவும் இறப்பதில்லை" என்று எழுதியிருந்தது. ஒன்றும் புரியாமல் போய்க் கேட்டேன். "ஆளை மாத்தினா அடுத்த ஆளும் நன்றுன்னுதான் போடுவாரு. வழியை மாத்தணும் ஐயா. ஆனா நீங்க தெரிஞ்சே பொய்க் கையெழுத்துப் போட்டீங்க, அதையும் நான் எழுதாம இருக்க முடியாது" என்றார். இரண்டாவது பாரா அதுதான். பதில் எழுத ஐந்து நாள் தந்தார்கள். நான் ஒன்பது பக்கம் எழுதினேன், என் பால்யத்திலிருந்து ஆரம்பித்து. நூபியா வாங்கிப் படித்துவிட்டு, ஒன்பது பக்கத்தையும் பீங்கான் தட்டுப் பெட்டி இடுக்கில் திணிக்க எடுத்துக்கொண்டாள். "ஒப்புக்கொள்கிறேன்னு ஒரு வரி போடுய்யா. பஸ் போயிடும்" என்றாள். அதையே போட்டேன்.

பதில் கொடுத்ததும் சரிசெய்யும் திட்டம் என்று ஒன்று போட்டார்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள். அதில் என் வேலை பலோமாவை முறைப்படி சாகடிப்பது. போன வாரம் பதிவேட்டிலிருந்து பொருளை நீக்குகிற மூன்று பேர் குழு கூடியது, அந்தம்மாவும் கூட உட்கார்ந்திருந்தார். எப்போது செத்தது என்றார்கள், 2004 என்றேன். எதனால் என்றார்கள், தெரியாது என்றேன். லிஸ்கானோ "முதுமைன்னு போடுங்க" என்றார். அப்போது அதற்குப் பத்து வயதுதானே என்றார் அந்தம்மா. அதை அடித்து "மலைச்சரிவு" என்று போட்டார்கள். பார்த்தது யார் என்றார்கள், என் அத்தான் என்றேன். நான் சொன்னதை நம்பி மூன்று பேரும், நீங்கள் சொன்னதை நம்பி நானும் கையெழுத்துப் போட்டோம். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பலோமா விஷயத்தில் ஒரு உண்மைக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று நெஞ்சே லேசாகிவிட்டது. டீன் எழுந்து, பல்கலைக்கழகத்துக்கு உழைத்த ஜீவன் என்று இரண்டு வார்த்தை பேசினார். ஸ்டோர் வாசலில் அவள் ஞாபகமாக ஒரு ஆரஞ்சுக் கன்று நட்டோம். எல்லாரும் தொப்பியைக் கழற்றினோம். நல்ல மரியாதையான சாவு.

அத்தாட்சி ஒன்றுதான் பாக்கி. பலோமா கழுத்தில் இருந்த பித்தளை வில்லை. அது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கப் போன வியாழன் போன் செய்தேன். நீங்கள் இழுத்தீர்கள், அக்கா போனைப் பிடுங்கி, "இங்கதான் இருக்கு, நான் அனுப்பறேன்டா தம்பி" என்றாள். வில்லையைக் கையில் பிடித்து, தேதி தெரிகிற மாதிரி ஒரு செய்தித்தாளும் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், ஆடிட்டுக்குத் தேதி முக்கியம். இன்று காலை முடிவுக் கூட்டம் நடந்தது. வில்லையும் படமும் கைக்கு வந்த நிமிஷம் என் சான்றில் கையெழுத்துப் போடச் சொல்லிவிடுவதாக அந்தம்மா வாக்குக் கொடுத்தார். மதியப் பஸ்ஸில் பார்சல் வரும் என்று காத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அத்தான், அறிக்கையில் உங்கள் பெயர் வந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். எனக்கு உங்கள் மேல் ஒரு துளி கோபம் இல்லை. சான்று கிடைக்கவேண்டுமே என்ற அவசரத்தில் நீங்கள் அன்றைக்குச் செய்ததைத்தான் நானும் இன்றைக்குச் செய்யப் பார்த்தேன். ஆண்டவர் பலோமாவின் ஆத்துமாவுக்குப் பச்சைப் புல்லைக் கொடுக்கட்டும். நீங்கள் நூறு வயது இருந்து, கடற்கரைக்கு வந்து எங்களோடு பத்து நாள் தங்க வேண்டும். அக்காவுக்கு என் முத்தங்கள். முழங்காலுக்கு வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். நூபியாவும் கிளியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

என்றும் உங்கள் வார்த்தையைத் தட்டாத மைத்துனன்,
எலியேசர் புய்த்ராகோ

பின்குறிப்பு: கோபம் இல்லை என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். பார்சல் வந்தது. டிரைவரிடம் வாங்கி நேராக அந்தம்மா அறைக்கே போய், லிஸ்கானோவும் இருக்கும்போது, நானே பெருமையாகப் பிரித்தேன். முதலில் வில்லை. இருபத்தொரு வருஷம் சும்மா கிடந்த பித்தளை களிம்பு பிடித்துக் கறுத்திருக்க வேண்டாமா? கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, உள்பக்கம் இரண்டு மயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தது படம். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு கையில் வில்லை, ஒரு கையில் முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள், நீங்கள் நன்றாகத்தான் விழுந்திருக்கிறீர்கள். அந்தம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஐயா, அத்தான் தோளுக்குப் பின்னால நிக்கிறது யாரு?" என்றார். இடது காது கிழிந்திருந்தது. நெற்றியில் சோளமணி அளவு வெள்ளை. வாயிலிருந்து ஆரஞ்சுத் தோல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. படத்தைத் திருப்பினால் அக்கா கையெழுத்து: "தம்பி, பலோமா அசையாம நிக்க மாட்டேங்கிறா. மூணாவது தடவைதான் ஒழுங்கா விழுந்தா." அக்காவுக்கு நீங்கள் ஒன்றுமே சொல்லிவைக்கவில்லையா அத்தான்? பலோமாவை உங்களுக்கு ஓய்வுப் பரிசாகப் பல்கலைக்கழகமே கொடுத்தது என்றுதான் அக்கா இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாளா?

லிஸ்கானோ சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். அந்தம்மா சிரிக்கவில்லை. இருபத்தொரு வருஷப் பதிவேட்டையும் எடுத்து மேஜையில் அடுக்கி, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டார். "2004, நிலை நன்று, சரி. 2005, நிலை நன்று, சரி." இருபத்தொன்றும் முடிந்தபின் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க பொய்னு நெனச்சுப் போட்ட இருபத்தொரு கையெழுத்தும் நிஜம். நிஜம்னு நெனச்சுப் போட்டீங்களே, போன வார மரணச் சான்று, அது ஒண்ணுதான் பொய். அதுல நானும் கூட உட்கார்ந்திருந்தேன்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இருபத்தொரு பாவசங்கீர்த்தனம் வீணாகப் போனதே என்று நினைத்தேன். அப்புறம், அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. ஏறினதும் அழுதேன்.

"அவரு ஏன் அதைக் கொண்டுபோனாரு?" என்று அந்தம்மா கேட்டார். அந்த வருஷம் பல்கலைக்கழகத்தின் மலைப் பண்ணையை மூடி, மிருகங்களை எல்லாம் கசாப்புக்கு அனுப்ப உத்தரவு வந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். அந்தம்மா அதையும் ஏன் என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார். இனிச் செய்ய வேண்டியது இது: வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பலோமாவை ஸ்டோர் வாசலில் அந்தம்மா தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் மரணச் சான்று ரத்து, என் சான்றில் கையெழுத்து. அதன் பிறகு அந்தப் பதினோரு பக்கத்தையும் லிஸ்கானோவே உட்கார்ந்து எழுதி, இத்தனை வருஷம் வளர்த்தவருக்கே அவளைக் கொடுத்துவிடலாம் என்று குழுவுக்குச் சிபாரிசு செய்கிறாராம். காட்டாவிட்டால் நூபியா நீச்சல் உடையோடு உங்கள் மேட்டுக்குத்தான் குடிவருவாள், கிளியும் வரும். போன் செய்தால் பம்பு என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பார் அந்தம்மா. அதனால்தான் எழுதி, இதே பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். புதன்கிழமை விடிந்ததும் அவளை ஓட்டிக்கொண்டு கிளம்புங்கள். நாங்கள் நட்ட ஆரஞ்சுக் கன்றை அவள் தின்றுவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். வழியில் மழை பிடித்தால் இரண்டு பேரும் நனைந்துகொண்டே வாருங்கள், தயவுசெய்து குடையை மட்டும் விரிக்காதீர்கள்.